அடுப்பேற்றாத ஒருவேளை உணவு
பாலாற்றுப் பகுதி உழவர் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்



ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் சத்துணவு பற்றிய பயிற்சிக் கூட்டம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தேன். காய்கனிகளை ஓரளவு சமைக்காமலும் உண்ண வேண்டும் என்று சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "ஐயா, பச்சையாச் சாப்பிடச் சொல்றீங்க, சரி. அதை எந்தத் தண்ணியில கழுவறதுன்னு சொல்லலியே?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஊர்களில் யாரும் கேட்காத கேள்வி அது. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி வாழ்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரிவாகத் தருகிறேன்.

சமைக்காத உணவு நமக்குப் புதிதா?

புதிதன்று. ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும் சேர்ந்த கோசுமல்லி நம் திருமணப் பந்திகளில் உண்டு. களத்தில் பிடுங்கிய பச்சை மல்லாட்டையை அங்கேயே உரித்துத் தின்னாத உழவர் பிள்ளை இல்லை. நுங்கு, இளநீர், கொய்யா, உப்பு தொட்ட மாங்காய் எல்லாமே அடுப்பு காணாத உணவுகள்தாம். தென்காசி மாவட்டம் சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயையும் பழங்களையும் அடிப்படையாகக் கொண்ட இயற்கை உணவைப் பல்லாண்டுகளாக மக்களிடையே பரப்பி வந்துள்ளது.

சமைக்கும்போது வைட்டமின் சி பெருமளவு குறைந்துவிடுகிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட வைட்டமின் சி உண்டு. அதைப் பச்சையாக உண்பதால் அது முழுவதும் கிடைக்கிறது. இதைத் தவிர விறகும் எரிவாயுவும் மிச்சம். காலணித் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பேருந்து ஏறும் பெண்களுக்கு ஒருவேளை அடுப்பு வேலை குறைவதும் சிறு உதவியன்று.

எனினும் மூன்று வேளையும் பச்சை உணவையே உண்ணுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காந்தியடிகள் 1929ஆம் ஆண்டில் முளைகட்டிய கோதுமை, அரைத்த வாதுமை, பச்சை இலைகள், எலுமிச்சை, தேன் ஆகியவற்றை மட்டும் உண்டு சோதனை செய்தார். அதைப் பற்றித் தம் 'யங் இந்தியா' இதழிலும் எழுதினார். ஆனால் சில மாதங்களுக்குள் சீதபேதி கண்டு, அச்சோதனையை அவர் கைவிட நேர்ந்தது. மேலும், வயலில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 கலோரி தேவை. காய்களையும் பழங்களையும் மட்டும் கொண்டு அதை நிரப்ப வயிற்றில் இடம் போதாது. தக்காளி, கேரட் போன்றவற்றில் உள்ள சில சத்துக்கள் சமைத்த பிறகே உடலில் நன்கு சேர்கின்றன. ஆகவே ஒரு வேளை பச்சை உணவு, மற்ற வேளைகளில் வழக்கமான கேழ்வரகுக் களியோ சோறோ குழம்போ என்று வைத்துக்கொள்வதே ஏற்றது.

அடுப்பு எதைப் போக்கும், எதைப் போக்காது?

உணவில் சேரும் தீங்குகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கிருமிகள். நீரிலிருந்தும் பச்சைச் சாணத்திலிருந்தும் கையிலிருந்தும் இவை வருகின்றன. நன்றாக வேகவைத்தால் இவை அழியும். எனவே சமைக்காமல் உண்பவர் அடுப்பு செய்யும் காவல் வேலையைத் தாமே வேறு வழியில் செய்தாக வேண்டும்.

மற்றொன்று உப்பும் குரோமியம் போன்ற உலோகங்களும். இவற்றை அடுப்பு அழிக்காது. 10 லிட்டர் உப்பு நீரைக் காய்ச்சி 5 லிட்டராக வற்றவைத்தால், அந்த உப்பு முழுவதும் மீதி நீரிலேயே இருக்கும். லிட்டருக்கு இரு மடங்காகிவிடும். "கொதிக்கவைத்த தண்ணீர்தானே" என்ற நம்பிக்கை கிருமிக்குச் சரி, உப்புக்குச் சரியன்று. நம் பகுதியில் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே உணவைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

நம் நீரின் நிலை

ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளே மிகுதியாகப் பயன்பட்டன. பின்னர் குரோமியம் கலந்த இரசாயனங்களைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. இதனுடன், பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பு தடவுகிறார்கள். தோல் ஷாப்புகளில் அதை ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் இறங்குகிறது. இப்படி வெளியேறிய நீரே பல ஆண்டுகள் வாய்க்கால்களிலும் ஆற்றிலும் கலந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. இந்த நிலக் கணக்கு, வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. எனினும் முன்பே மண்ணில் இறங்கிய உப்பு ஓரிரு மழையில் போய்விடுவதில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு அளிக்கவும் பாலாற்றைச் சீர்படுத்தக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

எல்லாக் கிணறும் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளன்று. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்றாகவும் அடுத்த கிணறு உப்பாகவும் இருப்பதை நீங்களே அறிவீர்கள். அதனால்தான் நீரைச் சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

நீர் மாதிரி எடுக்கும் முறை

மின்மோட்டாரை 10 முதல் 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு லிட்டர் அளவுள்ள தூய பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, இறுக மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணறா ஆழ்குழாயா என்ற விவரம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே அல்லது மறுநாளே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரையோ அணுகினால் வழி காட்டுவார்கள்.

பாசன நீருக்கான வழக்கமான ஆய்வில் குரோமியம் சேராது. குடிக்கவும் கழுவவும் பயன்படும் நீராயின் அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது அதே நிர்ணயம்.

எதைப் பச்சையாக உண்பது? மூன்று வகை

மண்ணில் குரோமியம் இருந்தால், பயிர் அதைப் பெரும்பாலும் வேரிலேயே தேக்கிக்கொள்கிறது. இலைக்குச் செல்வது அதனினும் குறைவு. காய்க்கும் கனிக்கும் செல்வது மிகக் குறைவு. இதையும் கிருமித் தொல்லையையும் சேர்த்துப் பார்த்தால் கீழ்க்கண்ட வரிசை கிடைக்கிறது.

முதல் வகை, தனக்குத் தானே உறை போட்டுக்கொண்டவை: தேங்காய், இளநீர், வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம், சீத்தாப்பழம், எலுமிச்சை, ஓட்டோடு கூடிய நிலக்கடலை. தோலை நீக்கியே இவற்றை உண்கிறோம். ஆதலால் கழுவும் நீரின் தேவை மிகக் குறைவு. மேல்தோலை ஒருமுறை கழுவித் துடைத்து, தூய கத்தியால் அரிந்தால் போதும். அறுக்கும்போது தோலிலுள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டு செல்லும் என்பதால் இந்தக் கழுவலை விட்டுவிடாதீர்கள். எளிமையாக உண்ண விரும்புவோர் இந்த வகையை நம்பியே தொடங்கலாம்.

இரண்டாம் வகை, தோலோடு உண்ணும் காய்கனிகள்: வெள்ளரி, தக்காளி, கொய்யா. இவற்றை ஓடும் நல்ல நீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஐயம் இருந்தால் வெள்ளரித் தோலைச் சீவிவிடுங்கள்.

மூன்றாம் வகை, கீரைகளும் கிழங்குகளும்: கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, கேரட், பீட்ரூட். கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் விளைந்தவையானால் இவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம். வேருக்குள் சென்றதைக் கழுவி நீக்க முடியாது. விளைந்த இடம் தெரிந்தால் மட்டும், அல்லது கீழே சொல்லும் முறையில் வீட்டிலேயே வளர்த்தால் மட்டும் பச்சையாக உண்ணுங்கள்.

ஒருவர்க்கு ஒருவேளை உணவு

1. ஊறிய நிலக்கடலை 30 கிராம் (ஒரு கைப்பிடி)
2. முளைகட்டிய பச்சைப்பயறு (25 கிராம் பயறிலிருந்து கிடைப்பது)
3. தேங்காய் 50 கிராம் (இரண்டு மூன்று கீற்று)
4. வாழைப்பழம் 2
5. வெள்ளரி அல்லது தக்காளி ஒன்று, எலுமிச்சை அரை மூடி

இதில் ஏறத்தாழ 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கிடைக்கும். காலை உணவுக்கு இது போதும். எலுமிச்சையைப் பிழிவது சுவைக்காக மட்டுமன்று. அதிலுள்ள வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது.

வேலையும் அதிகமில்லை. படுக்கப் போகும் முன் கடலையைக் கழுவி ஊறப்போட 5 நிமிடம். காலையில் தேங்காய் கீறி வெள்ளரி அரிய 5 நிமிடம். அரைப்பது, தாளிப்பது எதுவும் வேண்டுவதில்லை. ஐந்து பொருளையும் தினமும் சேர்த்தே தீர வேண்டும் என்றுமில்லை. கடலை, தேங்காய், வாழைப்பழம் மூன்று மட்டும் இருந்தாலும் அது ஒரு முழு உணவே. நான்கு நாள் பத்து வகை செய்துவிட்டு ஐந்தாம் நாள் கைவிடுவதைவிட, மூன்று பொருளை ஆண்டு முழுவதும் உண்பது மேல்.

முளைகட்டும்போது கவனம்

25 கிராம் பயறு ஊறும்போது ஏறத்தாழ அதே எடை நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீரை நாம் அப்படியே உண்கிறோம். எனவே கிணற்று நீர் உப்பாயின் அதில் ஊறவைக்கக் கூடாது. நீங்கள் குடிக்கும் நீரையே காய்ச்சி ஆறவைத்து ஊறவையுங்கள். கழுவுவதற்கு ஆகும் நீர் நிறைய. ஊறவைக்க ஆவதோ ஒரு செம்பு. அந்த ஒரு செம்பைக் காவிரிக் கூட்டுக் குடிநீரிலிருந்தோ நல்ல கிணற்றிலிருந்தோ எடுத்து வைப்பது யாருக்கும் இயலக்கூடியதே.

பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, வெந்நீரில் அலசிய துணியில் 12 முதல் 16 மணி நேரம் கட்டித் தொங்கவிடுங்கள். முளைக்கு ஏற்ற ஈரமும் வெப்பமும் கிருமிக்கும் ஏற்றவை. பிசுபிசுப்போ கெட்ட வாடையோ இருந்தால் மாட்டுக்கும் போடாமல் குப்பையில் கொட்டுங்கள். முளைத்ததை அன்றே உண்டு முடிக்க வேண்டும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. விதைப்புக்காக வாங்கிய பயறும் கடலையும் பல நேரங்களில் பூசணக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்யப்பட்டிருக்கும். விதைத்தது போக மீந்ததை முளைகட்டுவதோ உண்பதோ உயிருக்கே ஆபத்து. கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. அப்படிப்பட்ட விதையைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

அதுபோலவே சுருங்கிய, கறுத்த, பச்சைப் பூசணம் படர்ந்த, கசக்கும் நிலக்கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். கழுவினாலோ வீட்டில் வறுத்தாலோ அது நீங்கிவிடாது. கடலையை நன்றாகக் காயவைத்து ஓட்டோடு சேமிப்பதே முதற்காப்பு.

வீட்டுக்கு ஒரு மழைநீர்ப் பாத்தி

கீரையைப் பச்சையாக உண்ண ஆசையுள்ளோர் 10 அடி நீளம், 4 அடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு மேட்டுப்பாத்தி அமைக்கலாம். இடம் இல்லாதவர்க்குப் பழைய அரிசிச் சாக்குகள் போதும். கழிவுநீர் பாயாத மேட்டு நிலத்துச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். ஏரி வண்டலோ, தோல் கழிவு கலந்த எருவோ, சுத்திகரிப்பு நிலையச் சேறோ இதில் சேரக் கூடாது. பச்சைச் சாணமும் வேண்டாம். பச்சைச் சாணம் இட்ட மண்ணானால் 120 நாட்கள் கழிந்த பிறகே அதில் விளைந்ததைப் பச்சையாக உண்ணலாம்.

நீருக்கு வானத்தை நம்பலாம். 200 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 185 லிட்டர் நீர் விழுகிறது. கோடைக்குப்பின் வரும் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து தொட்டியில் பிடியுங்கள். இப்பாத்திக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். 1,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால் 50 நாட்கள் ஓட்டலாம். வெந்தயக்கீரை 25 நாளிலும், கொத்தமல்லி 40 நாளிலும், வெள்ளரி 45 நாள் முதலும் பறிப்புக்கு வரும். பாத்தியை நான்காகப் பிரித்து 10 நாள் இடைவெளியில் விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க மறவாதீர்கள்.

நீர் சற்று உப்பாகவே இருந்தால் பயிரை மாற்றுங்கள். மண்ணின் மின்கடத்தும் திறன் 1 முதல் 1.2 டெசிசைமன்ஸ் அளவைத் தாண்டினாலே கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவற்றின் விளைச்சல் குறையத் தொடங்கும். வெள்ளரியும் தக்காளியும் 2.5 வரை தாங்கும். தென்னை இவற்றைவிட நன்றாகத் தாங்கும். பாலாற்றுப் பகுதியில் தேங்காயை நம்புங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்தியில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். அசுவினி போன்றவை கண்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். சில நாள் கழித்து நன்கு கழுவிப் பயன்படுத்தலாம்.

பச்சையாக உண்ணக் கூடாதவை

மரவள்ளிக் கிழங்கு, மொச்சை, சோயா, ராஜ்மா ஆகியவற்றில் இயற்கையாகவே நச்சுப் பொருள்களோ செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களோ உள்ளன. இவற்றை முளைகட்டினாலும் வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சைப் பால், பச்சை முட்டை இரண்டும் கூடாது. கறந்த பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

கருவுற்ற தாய்மார்கள், கைக்குழந்தைகள், முதியோர், நோயுற்று எழுந்தவர் ஆகியோர்க்கு முளைப்பயறை ஆவியில் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். சிறு குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் பழத்தின் அளவையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முடிவாக...

அந்த அம்மாவின் கேள்விக்கு நான் அன்று சொன்ன விடை இதுதான்: "அம்மா, கழுவ வேண்டாத உணவிலிருந்து தொடங்குங்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் இயற்கையே உறை போட்டிருக்கிறது. ஊறவைக்க ஒரு செம்பு நல்ல நீர் எடுத்து வையுங்கள். கீரை வேண்டுமென்றால் மழைநீரில் வளருங்கள். உங்கள் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்." அவர் உட்காரவில்லை. "கிணத்துத் தண்ணியைக் குடுத்தா எத்தனை நாள்ல சொல்வாங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். கூட்டம் முடியுமுன் பதினொரு பேர் மாதிரி எடுக்கும் முறையை எழுதிக்கொண்டனர்.

கெட்ட மண்ணும் ஆறும் தேறப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நம் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. இம்மாதமே கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். நாளைக் காலைக்கு இன்றிரவே ஒரு கைப்பிடி கடலையை ஊறவையுங்கள்.